மூன்றாவது சிட்டிகை

"எங்க எந்திரிக்கே? உக்காரு பேச்சி" என்று நாத்தனார் இசக்கியம்மாள் தோளைப் பிடித்து அமுக்கினாள். மூன்றாவது தடவையாக எழுந்திருக்கப் பார்த்த பேச்சியம்மாள் மூன்றாவது தடவையாகவும் உட்கார்ந்தாள். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தவள், பிணம் வாசல் தாண்டும்வரை எழுந்திருக்கக் கூடாதாம். எந்த மகராசன் போட்ட சட்டமோ. விடிந்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விட்டு எழுந்து போனார்கள். அவளுக்கு அழுகையே வரவில்லை. கண் முழுக்க, சுயம்புலிங்கத்தின் நெஞ்சின் மேல் கிடந்த கோடித் துணியின் மடிப்பில்தான் இருந்தது.

அந்த மடிப்புக்குள் அவர் புகை பிடிக்கிற பைப் இருந்தது. கொழுந்தன் அய்யாதுரை சற்று முன்புதான் வைத்தான். அவர்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் அது. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலைப் பெட்டி, பொடி போட்டவருக்குப் பொடி டப்பி, எதை விடமுடியாமல் இருந்தாரோ அதைக் கூடவே அனுப்பிவிடுவார்கள். "அண்ணன் கடைசியா கையில பிடிச்சது இதான். பொகையில அடைச்சபடியே இருக்கு. போற வழிக்கு ஆச்சு" என்று சொல்லி மூக்கைச் சிந்தினான். பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்கப்போகிறவனும் அவன்தான். அதனால் அவன் சொன்னதற்கெல்லாம் கூட்டம் தலையாட்டியது.

போற வழிக்காம்! அந்தப் பைப் இழுக்காது. இத்தனை பேர் கூடியிருக்கும் வீட்டில் பேச்சியம்மாள் ஒருத்திக்குத்தான் அது தெரியும். இழுக்காதபடி அடைத்தவளே அவள்தானே.

சுயம்புலிங்கம் பாண்டி பஜாரில் கோட்டுத் துணி விற்றவர். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த நாள் முதல் பீடிதான். கடை கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "டெரிலின் எடுக்க வார ஆபீசருங்க முன்னால பீடி பிடிச்சா நல்லாவா இருக்கு?" என்றார். அறுபத்தொன்பதாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்குப் போனார். அவளுக்கு இட்லிக் கொப்பரை வாங்கித் தருவதாகப் பேச்சு. பழைய சாமான் விற்ற மெஹபூப் அலியின் கடையில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றதுதான் மிச்சம். இருபது பைப்பையாவது தூக்கித் தூக்கிப் பார்த்திருப்பார். புதிதாகப் பிடிக்கிறவருக்கு வளைந்தது வேண்டாம், நேரானதே போதும், சுத்தம் பண்ண லேசு என்றார் மெஹபூப் அலி. புகையிலை அடைக்கிற கிண்ணத்தின் சுவர் தடித்திருக்கணும், இல்லாவிட்டால் கை சுடும். பல்லில் கடித்தால் கனம் தெரியக் கூடாது. காம்பு வழியாக ஈர்க்கு விட்டால் அது கிண்ணத்தின் அடியில் வந்து எட்டிப் பார்க்கணும், மேலே வந்தால் அடியில் கிடக்கிற புகையிலை ஈரமாகி எரியாமல் நின்றுவிடும்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இம்புட்டு நேரம் பாக்கலியே நீங்க" என்றாள் பேச்சியம்மாள். மெஹபூப் அலி விழுந்து விழுந்து சிரித்தார். இவர் காதில் விழவே இல்லை, ஈர்க்கு விட்டுக்கொண்டிருந்தார். கொப்பரை வாங்காமலே இருவரும் பஸ் ஏறினார்கள்.

போன தை மாதம் வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பைப் அடைக்கிற வேலை இவள் தலையில் வந்து விடிந்தது. மூன்று சிட்டிகை. முதல் சிட்டிகையைப் புட்டு மாவு மாதிரி தானாக உதிர விடணும், விரல் படக் கூடாது. இரண்டாவதை லேசாக அமர்த்தணும். மூன்றாவதை மட்டும் அழுத்தலாம், அதுவும் விரலை எடுத்தால் மெல்ல எழும்பி வருகிற அளவுக்கு. பிறகு தீ வைப்பதற்கு முன்னால் ஒரு வெறும் இழுப்பு. அதை அவர்தான் இழுத்துப் பார்ப்பார். காற்று தாராளமாக வந்தால் சரி, வராவிட்டால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணும். எத்தனை தடவை கொட்டியிருப்பாள்! "ஏட்டி, துவையலா அரைக்கே? இப்படி இடிச்சு வச்சிருக்கியே" என்பார். மறுநாள், "என்ன இது, வைக்கப்போரு மாதிரி? பத்த வச்சா குப்புனு எரிஞ்சு நாக்குல சுடும்" என்பார். எட்டு மாதத்தில் ஒரு நாளாவது நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னவரில்லை. இவளும் லேசுப்பட்டவளா? "துரையே எடது கையால அடைச்சுக்கிடட்டும்" என்று டப்பாவைத் தள்ளிவிட்டுப் போவாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வருவாள்.

போன வாரம் ஆழ்வார்பேட்டை டாக்டர் வந்து நெஞ்சைச் சோதித்துவிட்டு, இனிமேல் புகை உள்ளே போனால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நேற்று மத்தியானம் சோறு வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். "ஒண்ணே ஒண்ணு அடைச்சுக் குடு பேச்சி. இதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கொடுக்கவும் பயம். அடுக்களையில் நின்று யோசித்தபோதுதான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. மூன்றாவது சிட்டிகையைப் பெருவிரலால் முழுப் பலத்தோடு அழுத்தினாள். அதற்கு மேலே இன்னொன்றையும் திணித்து, அடுக்களையில் கிடந்த ஆணி ஒன்றின் தலையால் இறுக்கினாள். இழுப்பார், வராது, கத்துவார். கத்தட்டுமே, ஆள் இருந்தால்தானே கத்த முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் கத்தவில்லை. ஆசை அவசரத்தில் வெறும் இழுப்பைக்கூட மறந்து, பத்த வை என்று ஜாடை காட்டினார். இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டின. தீக்குச்சி எரிந்து வந்து அவள் விரலைச் சுட்டது. மறுபடி இழுத்தார். மூன்றாம் தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பைப்பை அவள் கையில் கொடுத்தார்.

"நீ நல்லாத்தான் அடைச்சிருக்கே. எனக்குத்தான் மூச்சு இல்ல" என்றார். "முடிஞ்சு போச்சு போல பேச்சி."

சொல்லியிருக்கலாம். நான்தான் இறுக்கினேன், உங்க மூச்சுக்கு ஒண்ணுமில்லை என்று அந்த நிமிஷமே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் பிரித்து அடை என்பாரே என்று பயந்து, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காப்பி போடப் போனாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை.

"நேரமாவுதும்மா" என்று பாடை கட்டிய வேலு வாசலிலிருந்து தலையை நீட்டினான். "வெயில் ஏறிக்கினே போவுது. கண்ணம்மாபேட்டையில வெட்டியான் காத்துக்கினு கீறான். வாய்க்கரிசி போட்டுக்கங்க."

அரிசித் தட்டை நீட்டினார்கள். பேச்சியம்மாள் தொடவில்லை.

"தம்பி, அந்தப் பைப்பை எடுங்க."

அய்யாதுரைக்கு முகம் சுருங்கியது. "பொணத்து மேல வச்சதைத் திரும்ப எடுக்கப்படாது மைனி. வீட்டுக்கு ஆகாது."

"எந்த வீட்டுக்கு? இங்க இனிமே நான் ஒருத்திதான இருக்கப்போறேன். எடுங்க."

"இருக்கையிலயும் அதை வைஞ்சுக்கிட்டே கெடந்தா. போகையிலயாவது விடுதாளா பாரு" என்றாள் இசக்கியம்மாள், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி.

"அது இழுக்காது" என்றாள் பேச்சியம்மாள்.

"செத்தவன் எங்கட்டி இழுக்கப்போறான்? கோட்டி பிடிச்சிட்டா உனக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஜென்மத்துக்காவது இவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு காரியத்தைச் சொல்லிவிட முடியுமா? தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். கோடித் துணியின் மடிப்புக்குள் கை விட்டுப் பைப்பை எடுத்தாள். ஐயையோ என்றார்கள் பெண்கள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, கிண்ணத்தின் ஓரமாகச் செருகி நெம்பினாள். அசையவில்லை. சுற்றிச் சுற்றி நெம்பினாள், விரலில் ரத்தம் வந்தது. கடைசியில் புகையிலை உதிராமல் ஒரே கட்டையாகக் கழன்று வந்தது. அதை இடது கையில் மூடிக்கொண்டாள்.

"டப்பாவை எடுத்துத் தாங்க" என்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அய்யாதுரை எடுத்துக் கொடுத்தான்.

ஒரு சிட்டிகை. உதிரவிட்டாள். இரண்டாவது. அமர்த்தினாள். மூன்றாவதை வைத்து அழுத்தி, விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மெல்ல எழும்பி வந்தது. எல்லாம் சரி, வெறும் இழுப்பை யார் இழுப்பது? வழக்கம்போலப் பைப்பை அவர் பக்கம் நீட்டப்போன கை பாதியில் நின்றது. தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

பைப்பைத் தன் வாயில் வைத்தாள். மாமனார் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

வேலுதான் வாசலிலிருந்து கேட்டான். "இன்னாம்மா, காத்து வருதா?"

"வருது" என்றாள் பேச்சியம்மாள். "தாராளமா வருது."

பைப்பை அவருடைய வலது கையில், அந்த விழுந்துபோன கையிலேயே வைத்து, தீப்பெட்டியையும் பக்கத்தில் செருகினாள். பிறகு வாய்க்கரிசி போட்டாள். தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிணம் தெரு முனை திரும்பியதும் இசக்கியம்மாள் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்தாள். முதல் குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். "என்னத்தட்டி கையில வச்சுக்கிட்டு இருக்கே? விரி."

விரித்தாள். உள்ளங்கையில் கருப்பாக ஒரு கட்டை. கிண்ணத்தின் அச்சு அப்படியே இருந்தது, மேலே ஆணித் தலையின் வட்டம் பதிந்திருந்தது. இசக்கியம்மாள் ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டு அடுத்த குடத்தை ஊற்றினாள், அதற்கடுத்த குடத்தையும் ஊற்றினாள். அது உதிரவில்லை.