வச்சிரகேதுவின் மூன்றாம் போர்

என் வீட்டுக்காரருக்கு ராஜா வேஷம் கிடைத்ததில் எனக்கு முதலில் சந்தோஷம்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள். அதில் ஒரு ஜரிகைச் சால்வை விழுந்தால் எந்தப் பெண்டாட்டிக்குப் பிடிக்காது? நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தீவுக்குச் சுயாட்சி வந்த வருஷம் அது. எங்கள் பேட்டையான தேக்காவில் யாரைப் பார்த்தாலும் சங்கம், கூட்டம், நாடகம் என்று திரிந்தார்கள். பஃபல்லோ ரோட்டில் தையல் கடை வைத்திருந்த அப்துல் கஃபார் பாய் ஒரு நாடகமே எழுதிவிட்டார். உடுப்பு தைப்பதும் அவர்தான், வசனம் எழுதுவதும் அவர்தான், தப்பாகப் பேசினால் மானத்தை வாங்குவதும் அவர்தான்.

கதை இந்த உலகத்தில் நடப்பதல்ல. வானத்தில் இரண்டு நிலா காயும் ஏதோ ஒரு தேசம். அதன் ராஜா வச்சிரகேது தோல்வியே அறியாதவன். அடைக்கலம் கேட்டு வந்த ஒருவனை உறக்கத்தில் வெட்டிவிடுகிறான். செத்தவனின் தாய் சபிக்கிறாள்: நீ வாளை உருவும்போதெல்லாம் ஜெயிப்பாய், ஜெயித்துத் திரும்பும்போதெல்லாம் உன்னைச் சேர்ந்த ஒருவர் முகம் உனக்கு மறந்துபோகும். முதல் போர் முடிந்ததும் உயிர்த்தோழனான சேனாபதியை மறக்கிறான். இரண்டாம் போரில், வளர்த்த அக்காவை. மூன்றாம் போரில் ராணியை. அத்தோடு திரை விழும்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நானே அழுதேன்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில், கடையின் பின்கட்டில். முதல் போர்க் காட்சியை ஒத்திகை பார்த்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும் வழியில் சரபத் கடை முகைதீன் எங்களைக் கூப்பிட்டார். இவரும் முகைதீனும் ஒரே கப்பலில் வந்து, ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். இவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

"யாரு அந்தாளு? ரொம்பப் பழகுன மாதிரி கூப்பிடுறான்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

வேஷம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். "சேனாபதிய மறந்தாச்சா, மகாராஜா?" என்று கிண்டலும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் அவருக்கு முகைதீனைத் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் தெரியவில்லை. என் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

இரண்டாம் போரின் ஒத்திகை முடிந்த வாரம் கேலாங்கிலிருந்து முத்தாயி அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். வேலை முடிந்து வந்த இவர் அண்ணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேராக அடுப்படிக்கு வந்து என் காதில் கேட்டார்.

"யாரோ வந்திருக்காங்களே, யாரு அது? உங்க ஊர்க்காரங்களா?"

கையிலிருந்த கரண்டி எண்ணெயில் விழுந்தது. வெளியே அண்ணி, தம்பிக்குப் பிடிக்குமென்று கொண்டுவந்த மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்தது ராணி.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கண் நன்றாக இருக்கிறது, நல்ல தூக்கம் வேண்டும் என்றார். வேஷத்தை விட்டுவிடச் சொல்லி நான் கத்தாத கத்தல் இல்லை. இவர் மசியவில்லை.

"தூக்கம் பத்தல லா, அவ்ளோதான். எல்லாரும் டிக்கெட் வாங்கிட்டாங்க. இப்ப நான் வரலன்னா பாய் தலையில துண்டுதான்."

அதன் பிறகு தினமும் காலையில் அவர் கோப்பி குடிக்கும்போது எதிரே போய் உட்கார்ந்துகொள்வேன். "என்னை நல்லாப் பாத்துக்குங்க" என்பேன். "பன்னெண்டு வருஷமா இதே மூஞ்சியத்தான் பாக்குறேன், இன்னும் என்ன பாக்கணும்?" என்பார். அந்தக் கிண்டலைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். அவர் வேலைக்குப் போனதும் மறுபடி பயம் பிடித்துக்கொள்ளும். இரும்பாகப் பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அந்த நாட்களில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய், முகம் தெரிய வெளிச்சத்தில் நின்றுகொள்வேன்.

நாடகத்துக்கு முந்தின வாரம், இவர் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துக் கஃபார் பாய் கடைக்குப் போனேன். ராஜாவின் அங்கிக்கு ஜரிகை வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"என் எழுத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா, நான் ஏன் கால்சட்டை தைக்கிறேன், தங்கச்சி?" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. முகைதீன் அவரிடமும் வந்து புலம்பியிருக்கிறார்.

"பாய், சாபம்னு ஒன்னு இருந்தா விமோசனம்னு ஒன்னு இருக்கணும். எந்தக் கதையா இருந்தாலும் அப்படித்தானே? நீங்க பாட்டுக்கு சாபத்த விட்டுட்டுத் திரைய இறக்குனா என்ன நியாயம்?"

"விமோசனம் இல்லாததுதான் தங்கச்சி இதுல புதுசு."

"உங்க புதுச அடுப்புல போடுங்க. எனக்கு என் புருஷன் வேணும்."

அவர் ஜரிகையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, என்ன விமோசனம் வைக்கட்டும்? நீயே சொல்லு" என்றார்.

அதை நான் முன்னமே யோசித்து வைத்திருந்தேன். தூக்கத்தில் நடப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் பெண்டாட்டி வாயிலிருந்து தன் பெயர் வந்தால் எந்த ஆண்பிள்ளைதான் விழிக்காமல் இருப்பான்?

"ராணி அவரப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்" என்றேன்.

கஃபார் பாய் நிமிர்ந்தார். "புருஷன் பேரையா? சனம் ஒத்துக்குமா? எங்க வூட்லயே 'இந்தாங்க'தான்."

"அதனாலதான் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். கல்யாணமானதிலிருந்து நான் சொன்னதில்லை. அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது ஆபீசர் கேட்டதற்குக்கூடப் பக்கத்தில் நின்றவரைத்தான் சொல்ல வைத்தேன். அப்படிப்பட்ட ஒன்றை ராணி செய்தால் சாபம் உடையத்தான் வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். பாய் அன்றைக்கே மாற்றி எழுதினார். அதுவரை ஒத்திகை பார்க்காத மூன்றாம் போரை நேரே மேடையிலேயே நடத்திக்கொள்ளலாம் என்றும், நான் கெஞ்சியதால், ஒத்துக்கொண்டார்.

நாடகம் ஒரு ஞாயிறு மாலை, சங்க மண்டபத்தில். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் போர் வந்தது. இவர் வாளை உருவினார். தகரத்துக்கு வெள்ளி பூசிய வாள்தான், ஆனாலும் என் கண்ணை மூடிக்கொண்டேன். போர் முடிந்து திரும்பிய ராஜா, எதிரே நின்ற ராணியை யாரோ என்று பார்த்தான். ராணியாக நடித்த லீலா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வச்சிரகேது!"

பெண்கள் பக்கத்தில் கையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ராஜா கையிலிருந்த வாள் விழுந்தது. "தேவி" என்றான். மண்டபம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுதுகொண்டே மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

அவர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, தேங்காய் எண்ணெய் போட்டு முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"வாங்கம்மா. யாரப் பாக்கணும்?"

அவர் என்னை 'வாங்க' என்று சொன்னதே கிடையாது. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. நான்தாங்க, நான்தாங்க என்று ஏதோ உளறினேன். அவர் சங்கடத்தோடு பாயைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு மேடையில் பலித்தது நினைவுக்கு வந்தது. ஆயுள் குறைந்தால் என் ஆயுளையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

"மாணிக்கம்."

நாற்காலி சாய, இரண்டடி பின்னால் போனார்.

"மாணிக்கம், நல்லாப் பாரு, இது உன் சம்சாரம்யா. ரத்தினம்மா" என்று பாய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"விளையாடாதீங்க பாய். என் சம்சாரம் என் பேரச் சொல்லுவாளா? கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டா." பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு இந்தப் பொம்பள? இதுக்கு என் பேரு எப்படித் தெரியும்? என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க பாய். ரத்தினம் தனியா இருப்பா."

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் இன்னும் என்னென்ன போகுமோ என்று பயமாக இருந்தது. பாய் அவரை டிரைஷா சைக்கிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். சிராங்கூன் ரோட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். பூக்கடை முன்னால் டிரைஷா திரும்பியபோது இவர் எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எங்கள் வீடு ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். சந்து வழியாகப் போனால் நேராக அடுப்படிக்குள் நுழையலாம். முன்வாசலில் பாய் அவரை இறக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது தெரிந்தது. நான் பின்பக்கமாக நுழைந்து, அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டேன். கை பாட்டுக்குச் சோற்றைத் தட்டில் போட்டது. சாபம் முகத்துக்குத்தானே என்று, முகத்தைக் காட்டாமல், தினமும் கூப்பிடுகிறபடி கூப்பிட்டேன்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

"வந்துட்டியா ரத்தினம்?" அவர் குரலில் அத்தனை நிம்மதி. பெஞ்சில் அவர் பொத்தென்று உட்காரும் சத்தம் கேட்டது. "எங்க போயிருந்த? யாரோ ஒரு பொம்பள என் பேரச் சொல்லிக்கிட்டுப் பின்னாடியே வருது. பின்கதவத் தாழ்ப்பாள் போடு. உள்ள விட்டுறாத."

"போட்டுட்டேங்க" என்றேன்.

"சரி, சோத்தக் கொண்டா. பசிக்குது."

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.