வடக்கு ஜன்னல்

திங்கட்கிழமை ஷட்டர் போடுகிறவர் அளவெடுக்க வருகிறார் என்று கணவர் ஹாஜா நஜ்முதீன் சொன்னபோது, ஷஹீனா பலகையில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் சவூதியில் தம்மாமில் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று அவர் வந்து மூன்று வாரமாகிறது. பாளையம்பட்டியில் பஸ் ரோட்டைப் பார்த்த முன்னறையில் எலெக்ட்ரிக் கடை வைப்பது என்று அங்கிருந்தபோதே முடிவு செய்திருந்தார். அந்த அறையில்தான் பதினோரு வருஷமாக அவள் வாட்டர்கலர் படங்கள் வரைகிறாள். வடக்கு ஜன்னல், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சீரான வெளிச்சம். ஃபோனில் அவர் கேட்கும்போதெல்லாம் “சும்மா வரைஞ்சுட்டிருக்கேன்” என்றே சொல்லி வந்தாள். அவளுடைய படங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கண்காட்சிகளுக்குப் போனதை எடுத்துச் சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. அவரும் அதைச் சும்மா என்றே நம்பிவிட்டார்.

“எம்.ரெட்டியபட்டி வரைக்கும் போறேன். படம் ஒண்ணு பாதியில நிக்கிது, அடுத்த மாசம் சென்னைக்கு அனுப்பணும். கூட வாரீகளா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த மனிதர், ஸ்கூட்டர் சாவியைத் தேடப் போனார்.

எம்.ரெட்டியபட்டியில் தங்கத்தாயின் பருத்திக்காடு பாதி எடுத்தும் பாதி எடுக்காமலும் வெடித்துக் கிடந்தது. மாசி வெயில். சாயம் தாளின் அடிவரை இறங்குவதற்குள் மேலே காய்ந்துவிடும் என்பதால் ஷஹீனா தாளின் பின்புறத்தையும் நனைத்திருந்தாள். தாளில் வெயில் விழாமல் குடை பிடிக்கும் வேலை அவருக்கு. கரிசல் மண்ணின் கறுப்பு, நீலமும் காவியும் கலந்து தாளில் இறங்குவதை அவர் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“பஞ்சுக்கு வெள்ளை எடுக்கலையா?”

“வெள்ளைய பூசுறதில்ல. அந்த எடத்துல தாள அப்படியே விட்டுரணும்.”

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த தங்கத்தாய் மடியைக் கொட்டிவிட்டு வந்து நின்றாள். “அண்ணே, இவுக போட்ட படம் எங்க வீட்டுலயும் இருக்கு. எங்க காள மாடு. அது செத்து ரெண்டு வருசமாச்சு. எங்க வீட்டுக்காரரு இன்னமும் அது மொகத்தப் பாத்துட்டுத்தான் வேலைக்கிப் போவாரு.”

ஹாஜா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தங்கத்தாய் போனபின், “எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார்.

“என்னன்னு சொல்ல?” தூரிகையை உதறினாள். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் எதையும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. “இத வீட்டுல வச்சுத்தான் முடிக்கணும். ஷட்டர் போட்டா அந்த ஜன்னல் போயிரும். எனக்கு அந்த ரூம் வேணுங்க.”

அவர் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது சென்னைக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஷட்டர் போடும் செல்லப்பாண்டி வந்ததும் நேராக முன்னறைக்கு நடந்தார். ஹாஜா அவர் தோளில் கைபோட்டு, ஸ்கூட்டர் நிற்கும் கிழக்குச் சந்துப் பக்கம் திருப்பிக் கூட்டிப்போனார்.

“ரோட்டப் பாத்து இருந்தாத்தானண்ணே யாவாரம்?”

“வீட்டுல கரண்டு இல்லாதவன் தேடி வருவாம்ப்பா. நீ டேப்பப் புடி.”

டீ கொண்டுவந்த ஷஹீனா மூலையிலேயே நின்றுவிட்டாள். சந்தில் யார் வருவார்கள் என்ற கவலை அவளுக்கும் எழத்தான் செய்தது. டம்ளர்களைச் சுவர் மேல் வைத்துவிட்டு, ஓடிப்போய் கையில் கிடைத்த துண்டுத் தாளும் தூரிகையும் சாயமுமாக வந்தாள். டேப்பின் மறுமுனையைச் சுவரோடு அழுத்தி, உடம்பை வளைத்து நிற்கும் ஹாஜா. அவசரமாக நாலு கோடு. தாளில் அவர் சட்டையின் நீலம் காய்வதற்குள், வரைந்த சுவருக்குள் கசிந்து ஓடியது. அவள் தூரிகையை விலக்கிக்கொண்டு, அது எதுவரை போகிறதென்று பார்த்தபடி நின்றாள்.