மஞ்சள் கறுப்பு டேப்

சங்கமித்ரா புதன்கிழமை தவழத் தொடங்கினாள். அதுவரை வைத்த இடத்தில் இருந்தவள், அன்று காலை பாயை விட்டுப் புறப்பட்டுச் சமையலறைக்குப் போய், வெங்காயக் கூடையைக் கவிழ்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஈறால் கடித்தாள். அழுதாள். மறுபடி அதையே கடித்தாள்.

"நான் ஒத்துக்கிட்டது வேற கொழந்தைக்கு," என்றார் சந்திரம்மா.

ஆடுகோடியில் குழந்தையின் குடும்பம் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அவர், கீழ்த்தளத்தில் இருந்தார்; கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். குழந்தையின் அம்மா லாவண்யா வேலைக்குப் போகும்போது மாடிக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்தது, மித்ரா மல்லாந்து படுத்திருந்த காலத்தில்.

"என் முட்டி கத உனக்குத் தெரியும்ல லாவண்யா? இவ ஓடினா நான் எங்க ஓடறது? வீட்ட சரி பண்ணுங்க. ஞாயித்துக்கெழம வந்து நோடறேன், பாக்கறேன். அப்புறம்தான் பதில்."

கோரமங்கலாவில் ஒரு பல் மருத்துவமனையில் லாவண்யாவுக்கு வரவேற்பாளர் வேலை. பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் போகாவிட்டால், அவளுடைய நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் பெண் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் இதை மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார்.

"எங்கிட்ட விடு," என்றான் அவள் கணவன் ஹரிஷ்குமார். பொம்மசந்திராவில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவன் பாதுகாப்பு மேற்பார்வையாளன். "அங்க அத்தன பேர் வெரலும் முழுசா இருக்குன்னா யாரால?"

"அவங்க யாரும் வெங்காயத்த கடிக்கிற ஆளுங்க இல்லயே ஆபீசர் சார்," என்றாள் லாவண்யா.

சனிக்கிழமை அவன் தொழிற்சாலையின் முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தான். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் ஆபத்து தெரியும் என்பது அவன் கொள்கை. தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் வாசலில் நின்று, "சார், ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்று பதறினார். "ஆடிட்," என்றான் அவன், கட்டிலுக்கடியிலிருந்து. அங்கே ஓர் ஊக்கும், பாதி பிஸ்கெட்டும், லாவண்யா தொலைத்துவிட்டு அவன்மேல் பழி போட்டிருந்த கம்மலும் கிடைத்தன. கம்மலை அவன் நெடுநேரம் உயர்த்திக் காட்டினான்.

மேசை முனைகளுக்கு ஸ்பாஞ்சு வைத்தான். பிளக் துளைகளை அடைத்தான். பினாயில் பீரோவின் தலைக்கு ஏறியது. சமையலறை வாசலில் பலகைத் தடுப்பு வந்தது. அலமாரிகளுக்கெல்லாம் குழந்தைப் பூட்டு மாட்டினான். கடைசியாக, பழக்க தோஷத்தில், பையிலிருந்து அந்த டேப்பை எடுத்தான்.

தொழிற்சாலையில் எது ஆபத்தோ அதன்மேல் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட டேப் ஒட்டுவார்கள். அதைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் ஓரடி பின்னால் போவான். ஹரிஷ்குமார் அதைத் தடுப்புப் பலகையில் ஒட்டினான். குளியலறைப் படியில், பிரிட்ஜின் கீழ் விளிம்பில், வாஷிங் மெஷின் குழாயில், பீரோவின் கதவில் ஒட்டினான்.

ஞாயிறு காலை சந்திரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனப்பா இது? வீட்டுக்குள்ள மெட்ரோவுக்குத் தோண்டறாங்களா?"

"சேஃப்டி, ஆன்ட்டி. உக்காருங்க."

காபி வர நேரமாயிற்று. சர்க்கரை இருந்த அலமாரியின் பூட்டு லாவண்யாவுக்குத் திறக்கவில்லை. ஹரிஷ்குமார் போனான். அவனுக்கும் திறக்கவில்லை. சர்க்கரை இல்லாமல் வந்த காபியைச் சந்திரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

பிறகு மித்ராவைப் பாயில் விட்டார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இவ்வளவு அழகான எதையும் அவள் கண்டதில்லை. நேராகக் குளியலறைப் படிக்குப் போனாள். ஹரிஷ்குமார் தூக்கி வந்தான். பிரிட்ஜுக்குப் போனாள். தூக்கி வந்தான். குழாய்க்குப் போனாள், அங்கிருந்து பீரோவுக்கு. வீட்டில் மற்ற எதையும் அவள் சட்டை செய்யவில்லை. ஹரிஷ்குமாருக்கு மூச்சு வாங்கியது.

"எங்க எங்க போகக்கூடாதோ அங்கங்க கரெக்டா போறாளே," என்றார் சந்திரம்மா. "நீயே வழி போட்டுக் குடுத்திருக்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இல்லம்மா லாவண்யா. என் கையில ஆகல்ல."

லாவண்யா இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்த நாளைய சுடிதாரை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"ஆன்ட்டி, ஒரே நிமிஷம்!"

ஹரிஷ்குமார் பாய்ந்து பிரிட்ஜின் டேப்பை உரித்தான். அது வலக்கையில் ஒட்டியது. இடக்கையால் எடுத்தான், இடக்கையில் ஒட்டியது. முழங்கையில் ஒட்டியது. உதறினான், குதித்தான், காலால் மிதித்து இழுத்தான். மித்ரா விக்கல் வரும்வரை சிரித்தாள். கடைசி உதறலில் டேப் பறந்துபோய், டிவிக்கு எதிரே, ஒன்றுமே இல்லாத வெற்றுச் சுவரின் அடியில் ஒட்டிக்கொண்டது.

மித்ரா அங்கே விரைந்தாள். உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டாள். நகரவில்லை.

லாவண்யா சுடிதாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கணவனின் பையிலிருந்த டேப் சுருளை எடுத்து, அதே சுவரில் வரிவரியாக ஒட்டி அழுத்தித் தேய்த்தாள். பாயை இழுத்து அடியில் போட்டாள். சந்திரம்மாவின் நாற்காலியை அதன் பக்கத்தில் நகர்த்தினாள். "மத்ததெல்லாம் உரிங்க, சீக்கிரம்," என்றாள்.

அவன் உரித்து முடித்தபோது, குழந்தை நகர்கிறாளா என்று பார்க்க, லாவண்யா பிரிட்ஜ் அருகே நின்று ஒரு கரண்டியைக் கீழே போட்டாள். டங்கென்றது. மித்ரா திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தன் சுவருக்குத் திரும்பிக்கொண்டாள்.

சந்திரம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். டிவி நேர் எதிரே இருந்தது. அவர் முகம் மாறியது.

"இங்கேயே இருப்பாளா?"

"இந்த டேப்பு வேணுங்கிற அளவு இருக்கு ஆன்ட்டி," என்றான் ஹரிஷ்குமார், காதோரம் ஒட்டியிருந்த துண்டைப் பிய்த்தபடி.

"சரி, நாளைக்கி காலையில வரேன்," என்றார் சந்திரம்மா. "ஆனா லாவண்யா, போறதுக்கு முன்னாடி சக்கரைய வெளிய எடுத்து வெச்சிட்டுப் போ."