குழிக்குள் ஊற்றிய சாயம்

காலை ஆறு நாற்பதுக்கு உதயகலா கிணற்றுக்குள் வாளியை இறக்கினாள்.

இராணுவக் குடும்பங்களுக்குப் பதினாறு வீடுகள். கட்டுவது கொழும்பிலுள்ள தனியார் கொம்பனி ஒன்று. முப்பது வருடம் பராமரிக்கப் போவதும் அதுதான். தளப் பொறியியலாளர் உதயகலா. தனியே பொறுப்பெடுத்த முதல் வேலை. சுவர்களும் கூரைகளும் நன்றாக எழுந்திருந்தன. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பிழை வரைபடத்தில் இருந்தது. அடி மூடாத மலக்குழிகள், கிணற்றிலிருந்து ஐம்பது அடியில். கொழும்பு மண்ணுக்கு அது போதும். இங்கே வடக்கில் இரண்டு அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல் முழுக்க வெடிப்பு.

கொம்பனிக்கு மூன்று முறை எழுதினாள். அனுமதி பெற்ற வரைபடம் என்று மூன்று முறையும் பதில் வந்தது. மிச்சக் குழிகளை வெட்ட ஏழரைக்கு மெசின் வரும். வேலையை நிறுத்தினால் அவளையும் நிறுத்திவிடுவார்கள் என்று முகாமையாளர் கஜீவன் சொல்லியிருந்தார்.

நேற்றுப் பின்னேரம், பனையோலைப் பெட்டிக்குப் போடும் சிவப்புச் சாயத்தை ஒரு பீப்பாய் தண்ணீரில் கரைத்து, வெட்டி முடிந்த முதல் குழிக்குள் ஊற்றச் செய்தாள். பீப்பாயைச் சரித்தவர் குருநகர் மீன்பிடிக் குடும்பத்து மேசன் சிமியோன்.

"பிள்ளை, ஆமிக்காரர் குடிக்கிற தண்ணி. உமக்கென்ன?"

"குடிக்கப் போறது அவையின்ரை பிள்ளையளும்தான், அண்ணை. வேலிக்கு அங்காலை தோட்டக் கிணறு தெரியுதே? அதிலை குடிக்கிறது ஆர்?"

"சரி, சரி. நான் பேசாமல் கடலுக்கே போயிருக்கலாம். அங்கை ஒருத்தரும் கேள்வி கேக்கிறேல்லை."

இப்போது வாளி மேலே வந்தது. சிமியோன் எட்டிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

தண்ணீர் இளஞ்சிவப்பு.

பழைய தகரக் குடியிருப்பிலிருந்து இராணுவக் கோப்ரல் ஒருவரின் மனைவி குடத்தோடு வந்தாள். இன்றைக்குப் பௌசர் வண்டியில் வரும் தண்ணீர் மட்டும் எடுக்கும்படி உதயகலா நேற்றே சொல்லியிருந்தாள். வந்தவள் வாளிக்குள் பார்த்தாள்.

"மிஸ், இது சர்பத் மாதிரி!"

"சர்பத் இல்லை. நாளைக்கு உங்கடை கக்கூசும் இப்பிடித்தான் வரும்."

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "குழியை மாத்தினா, வீடு லேட் ஆகுமா?"

"பத்து நாள்."

"பத்து நாள் பரவாயில்லை, மிஸ். தகரத்துக்குக் கீழே ஆறு வருஷம் இருந்தாச்சு."

ஏழரைக்குக் கஜீவனின் பிக்கப் வந்தது. மெசின் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. அவர் நேரே கிணற்றடிக்கு வந்தார்.

"கிணத்துக்கை ஆர் சாயம் போட்டது?"

"கிணத்துக்கை ஒருத்தரும் போடேல்லை. குழிக்குள்ளைதான் ஊத்தினனான்."

அவர் குழியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். இடையே காலால் அளந்து நடந்தார், திரும்பியும் நடந்தார்.

"ஒரு ராத்திரியிலையோ?"

"ஒரு ராத்திரியிலைதான்."

"டிசைன் கொழும்பிலை பாஸ் பண்ணினது, உதயகலா."

"அந்த மண்ணுக்குப் பாஸ் பண்ணினது. அடி மூடின தொட்டி போடுவம். நிறைஞ்சால் கழிவு பௌசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகட்டும். படம் கீறி வைச்சிருக்கிறன்." பையிலிருந்து படத்தை எடுத்துக் கிணற்றுக் கட்டின் மேல் விரித்தாள். காற்றுக்குப் பறக்காமல் சிமியோன் ஒரு கல்லை வைத்தார்.

கஜீவன் படத்தைக் குனிந்து பார்த்தார். "மேலை நான் என்னெண்டு சொல்லுறது? வேலை பிந்தினால் என்னைத்தான் பிடிப்பினம்."

மெசின்காரன் இருக்கையிலிருந்து கத்தினான். "சேர், வெட்டட்டோ?"

உதயகலா வாளியில் ஒரு தம்ளரை முக்கி எடுத்தாள். தம்ளரின் விளிம்பை முந்தானையால் துடைத்து, கஜீவனிடம் நீட்டினாள்.

"முப்பது வருசம் உந்தத் தண்ணிக்குப் பொறுப்பு நாங்கள்தானே, கஜீவன். ஒரு மிடறு குடிச்சுப்போட்டு அவனுக்குச் சொல்லுங்கோ, வெட்டவோ, விடவோ?"