நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

நீதிமன்றக் குமாஸ்தா மனுவை முழுக்கப் படிக்கவில்லை. தேதியைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், பிறகு மேசை ஓரத்திலிருந்த தடித்த சட்டப் புத்தகத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவனுக்கு அந்தப் பக்கம் தலைகீழ்ப் பாடம். நூற்றுப் பதின்மூன்று. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தங்கையை நீக்கி இன்று நாற்பத்து நான்காம் நாள்தான்.

"இதேதான் சார். இதத்தான் மனுவுலயும் எழுதியிருக்கேன்" என்றான், கொஞ்சம் மிடுக்காகவே.

"இதுக்கு அடுத்த பக்கத்தப் படிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் தாளைத் திருப்பினார்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் முப்பது நாள். இரண்டே வரி. அவன் மூன்று முறை படித்தான். நான்காவது முறை படித்தால் மாறிவிடுமா என்ன?

"நல்ல கேசு. நேரத்துக்கு வந்திருந்தா எடுத்திருப்பாங்க. எந்த வக்கீல் உங்களுக்கு அறுபதுன்னு சொன்னாரு?"

"வக்கீல் இல்ல சார். நானே... படிச்சுத்தான்."

குமாஸ்தா சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அடடா" என்று மட்டும் சொல்லி, மனுவை ஓரம் மடங்காமல் உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். காதுமடல் இரண்டும் அவனுக்குத் தீயாகச் சுட்டன.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் அவன். பதினோரு வருடமாக நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. மை அப்பியது, கோணலாக விழுந்தது, பாதியில் சிக்கிக் கசங்கியது என்று ஒவ்வொரு நாளும் கழிவுத் தாள்கள் குவியும். மற்றவர்கள் அதில் கை துடைத்தார்கள். அவன் நீவி எடுத்துவைத்துப் படித்தான். முதலில் ஒரு மண்ணும் புரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி, இரண்டாம் வருடத்தில் ஒரு தீர்ப்பை முதலிலிருந்து கடைசி வரைக்கும் விளங்கிக்கொண்ட அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தானே தேநீர் வாங்கிக் கொடுத்தான். தெரு அவனை 'வக்கீல்' என்று கூப்பிட ஆரம்பித்தது. கிண்டலாகத் தொடங்கியது, போகப்போக மரியாதையானது. வாடகைத் தகராறு, ஓய்வூதியப் படிவம் எல்லாவற்றுக்கும் அவனிடம் வந்தார்கள். அவனும் வாய் நிறையச் சொன்னான். பெரும்பாலும் சரியாகவே சொன்னான், அதுதான் வினை.

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கமும் அப்படிக் கிடைத்த ஒற்றைத் தாள்தான். கெட்டுப்போன தாள் மட்டும்தான் தன் கைக்கு வருகிறது, நன்றாக விழுந்த தாளெல்லாம் வாடிக்கையாளரோடு போய்விடுகிறது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கை விடுதிச் சமையலறையில் பதினான்கு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைத்தவள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்ததற்கு, சொல்லாமல் நின்றாள் என்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள். இடுப்பொடிந்து வீட்டில் கிடக்கும் புருஷனுக்கும் இரண்டு பெண்களுக்கும் அவள் சம்பளம்தான் அடுப்பு. இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்க அவள் அடுத்த வாரமே சீட்டு வாங்கியிருந்தாள். "எதுக்கு? நான் ஒருத்தன் இருக்கேன்ல? அறுபது நாள் கெடக்கு, பறக்காத" என்று அவன்தான் தடுத்தான். பிறகு நான்கு தடவை மனுவை மாற்றி மாற்றி எழுதினான். அழகாக இருக்க வேண்டும் என்று. படிக்கிற நீதிபதி யார் இவன் என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று. அந்த ஆசையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே, திறந்திருந்த கதவை ஒட்டிய பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். "என்னண்ணா?"

"தேதிய மாத்திட்டாங்களாம். எடுக்க மாட்டாங்களாம்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "இவனுங்க இஷ்டத்துக்கு மாத்துவானுங்க."

அவள் உறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். பேருந்து வந்தது, ஏறினார்கள். அவள் ஒரு வார்த்தை திட்டினால் உண்மையைக் கக்கிவிடலாம் என்று காத்திருந்தான். திட்டாதது அவள் குற்றம் போல அவள்மேலேயே எரிச்சல் வந்தது. இப்படியும் ஒரு பிறவியா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

அவர்கள் குடியிருப்பின் மாடிப்படியில் தையல்கார அம்மா மறித்தாள். "என்னாச்சு, காயா பழமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "காய்தான்க்கா. ஆனா அண்ணன் எழுதின மனுவ நீங்க பாக்கணுமே! யாரு எழுதினதுன்னு அங்கயே கேட்டாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு முப்பது நாள்தான்னு ஏதோ ரெண்டு வரி போட்டு வெச்சிருக்காங்க. அது எந்த வக்கீலுக்குக்கா தெரியும்? என் நேரம்."

காண்ட்ராக்ட் என்றோ முப்பது என்றோ அவன் அவளிடம் சொல்லவே இல்லை. இரண்டு வரி என்றும் சொல்லவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். தங்கை அவனைப் பார்க்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலை திரும்பக் கிடைக்காமல் செய்தவனின் மானத்தையும் சேர்த்துச் சுமக்கிறாளே.

"அதானே, தம்பி எழுத்துன்னா சும்மாவா?" என்றாள் தையல்கார அம்மா. "இருங்க தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நோட்டீசு வந்திருக்கு. உங்கள நம்பித்தான் யாருகிட்டயும் காட்டாம வெச்சிருக்கேன்." உள்ளே ஓடினாள்.

படியில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். அவள் அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

தையல்கார அம்மா ரவிக்கையில் நூல்துண்டுகள் ஒட்டியிருக்க வேகமாகத் திரும்பி வந்தாள். நான்காக மடித்த தாளைப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, நீட்டினாள். அவன் கை அவனைக் கேட்காமலே பாதி தூரம் நீண்டிருந்தது.