கஞ்சித் துணி போர்த்திய அவரை

1

ஏசுவடியானுக்கு இடுப்பு வலி. கதையை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. குனிந்தவர் நிமிர முடியாமல் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தெருவோடு போன நான் கை கொடுத்துத் தூக்கினேன். தூக்கிய கூலிக்குக் கதையைச் சொன்னார். அவர் விட்டதையெல்லாம் அவர் மனைவி ஏசம்மாள் சொன்னார்.

முதலில் வேறு மாதிரி ஆரம்பித்திருந்தேன்: 'மலைமேல் மேகம் கவிந்த ஒரு கார்த்திகை மாலையில், பசுமையான' அடித்துவிட்டேன். முப்பது வருடம் தறியில் நின்றவர் மலையைப் பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

2

ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்று. அதில் ஏசுவடியான் தறி ஓட்டினார். பீர் மைதீன் தறி ரிப்பேர் பார்த்தார். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் இடுப்புயரச் சுவர். வேலையிலிருந்து நின்ற பிறகு தினமும் காலையில் ஆளுக்கொரு டீ டம்ளரைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். பொழுது போக ஏசுவடியான் தோட்டம் போட்டார். பீர் மைதீன் ஐந்து கோழி வளர்த்தார்.

[இரண்டு மதம், ஒரு சுவர் என்றதும் நீங்கள் வேறு எதையோ எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவும். இது கோழிக் கதை.]

3

தோட்டம் என்றால் இரண்டு பாத்தி. ஒன்றில் அவரை, ஒன்றில் பட்டாணி. இந்த வெயிலில் பட்டாணி வராது என்று தெருவே சொன்னது. முளைத்துவிட்டது. தெருவுக்கு வருத்தம்.

முளைத்து இரண்டு இலை விட்டதும் ஒவ்வொரு காலையிலும் நாலைந்து செடி மொட்டையாக நின்றது. சிலதில் தண்டே இல்லை. ஏசுவடியான் அடுப்புச் சாம்பல் தூவினார்; மழை கரைத்துக்கொண்டு போயிற்று. செல்போன் வீடியோவில் ஒருவர் வலை போட்டு மூடச் சொன்னார். வலை விலையைக் கேட்டுவிட்டு ஏசுவடியான் பழைய தறிக்கூடத்துக்குப் போய், வெளுக்காத கழிவுத் துணி ஒரு கட்டு வாங்கி வந்தார். குச்சி நட்டுப் பாத்தியை மூடி, காற்றில் பறக்காமல் இருக்கத் துணிமேலேயே தண்ணீர் தெளித்தார். பார்த்தால் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. செடிகளுக்கு எந்த ஊரில் ஆக்சிடெண்ட் என்று போகிறவர்கள் கேட்டார்கள்.

(இங்கே ஒரு விஷயத்தை மறைக்கிறேன். ஏசுவடியானும் அதை மறந்திருந்தார் என்பதால் இது ஏமாற்று வேலை ஆகாது.)

4

துணி போட்ட மூன்றாம் நாள் விடியலில் பாதிப் பாத்தி காலி. துணி ஓரமாகக் கிழிந்திருந்தது. உள்ளே பீர் மைதீனின் கோழிகள் ஐந்தும் தலையைக் குனிந்து மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

சுவரடியில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"மைதீனு, ஒன் கோழி என் செடியத் தின்னுட்டு."

"திங்கிறதப் பாத்தியா?"

"நின்னதப் பாத்தேன்."

"நின்னா குத்தமாலே?"

"ஒன் கோழிய ஒன் வீட்டுக்குள்ள வச்சுக்க. இல்லன்னா நான் என் வயித்துக்குள்ள வச்சுக்கிடுவேன்."

இதோடு நிறுத்தியிருந்தால் பீர் மைதீனே சிரித்திருப்பார். ஏசுவடியான் நிறுத்தவில்லை.

"வளக்கத் தெரியாதவன் எதுக்குலே வளக்குத?"*

பீர் மைதீன் டீயைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

* பீர் மைதீனின் மகன் ரஃபீக் துபாய்க்குப் போய் மூன்று வருடமாக அப்பாவோடு போனில்கூடப் பேசுவதில்லை. ஏசுவடியான் கோழியைத்தான் சொன்னார். அந்த வார்த்தைக்கு அது தெரியாது.

5

வெள்ளிக்கிழமை மத்தியானம் பீர் மைதீன் மனைவி அசீனா ஒரு தூக்குச்சட்டி நிறையப் பிரியாணி கொண்டுவந்தார். இனிமேல் செடிக்கு ஒரு குறையும் வராது என்று பீர் மைதீன் சொல்லச் சொன்னாராம். கோபம் தணிந்துவிட்டது என்று ஏசுவடியான் எடுத்துக்கொண்டார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, எலும்பையும் உடைத்து உறிஞ்சினார்.

மறுநாள் விடிந்தும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஏட்டி, அவன் சேவல் ஏன் கூவல?"

"நேத்து அதோட ரெண்டு காலயும் நீங்கதான தின்னீக" என்றார் ஏசம்மாள்.

[இந்த இடத்தில் ஏசுவடியான் வாந்தி எடுத்ததாக எழுதியிருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாகத்தான் செரித்தது என்றார்.]

6

ஐந்து கோழியும் போனது. செடி பிழைத்ததா? இரண்டே நாளில் மிச்சப் பாதியும் காலி. பட்டாணியில் ஒரே ஒரு தண்டு நின்றது, சாட்சிக்கு.

ஏசம்மாள்தான் துணியைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். உள்பக்கம் முழுக்க நத்தை. பொடிசும் பெரிசுமாக அப்பிக்கொண்டு துணியை நக்கிக்கொண்டிருந்தன.

மறைத்ததை இப்போது சொல்கிறேன். நெய்வதற்கு முன், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவார்கள். துணியை வெளுத்தால்தான் அது போகும். ஏசுவடியான் போர்த்தியது வெளுக்காத துணி. தினமும் தண்ணீர் தெளித்துக் கஞ்சியை ஊறவைத்து, ஊர் நத்தைக்கெல்லாம் பந்தி வைத்திருக்கிறார். துணியில் கஞ்சி, கடித்துக்கொள்ள அவரை.

"முப்பது வருசம் கஞ்சிப் பாவுல கரப்பான் வெரட்டுனவருக்கு இது தெரியலையாக்கும்" என்றார் ஏசம்மாள். "அந்தக் கோழி நத்தையத்தான தின்னிருக்கு. காவக்காரனத் தின்னுட்டு உக்காந்திருக்கீக."

அன்று முழுக்கக் குனிந்து நத்தை பொறுக்கியபோதுதான் இடுப்பு பிடித்தது. நான் வந்து தூக்கினேன்.

7

சுவர்மேல் டம்ளர் வைத்துப் பதினோரு நாளாகிறது. முடிவு வேண்டும்.

ஏசுவடியான் சுவரடிக்குப் போகிறார். "மைதீனு" என்கிறார். இருவர் கண்ணிலும் நீர்... வேண்டாம். பஞ்சுத் தூசி விழுந்தாலொழிய இவர்கள் கண் கலங்கியதில்லை.

இன்னொன்று: தளவாய்புரத்தில் ஐந்து குஞ்சு வாங்கிவந்து சுவருக்கு அந்தப் பக்கம் ஓசையில்லாமல் இறக்கிவிடுகிறார். இதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"இதயே வைங்க. வாயத் தொறக்க வேண்டியதில்ல பாருங்க."

"குஞ்சு விட்டா கோழி சரியாப்போவும்" என்றார் ஏசம்மாள். "அந்தத் துபாய்ப் பயலப் பத்திப் பேசுனது?"

கோழியைத்தான் சொன்னேன் என்றார் ஏசுவடியான். அதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார் ஏசம்மாள். ஏசுவடியான் துணியைச் சுருட்டிக் கட்ட ஆரம்பித்தார். வெகுநேரம் சுருட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருமியது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

அவர் திறக்காத வாயை நான் திறந்துவைத்தால் அது பொய். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதி முடிக்கும் இந்த நிமிடம் வரை, பீர் மைதீனுக்கு ஏசுவடியான் தரவேண்டியது ஐந்து கோழியும் ஒரு மன்னிப்பும்.