தட்டிட்டுத் தொறக்குற ரூம்

எங்க வீட்டு ஸ்டோர் ரூமைத் தொறக்கணும்னா முதல்ல ரெண்டு தட்டு தட்டணும். உள்ள இருக்கிறது பழைய மெத்தையும் ஓடாத ஃபேனும்தான். ஆனாலும் அம்மா தட்டுவா, கொஞ்சம் நிப்பா, அப்புறம்தான் தாழ்ப்பாளை நீக்குவா. என்னையும் அப்படியே பழக்கிட்டா. கல்யாணமான புதுசுல பீரோவைத் தட்டிட்டுத் தொறந்து, "உள்ள யாரு அண்ணி, உங்க மாமனாரா?"ன்னு நாத்தனார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அதே அம்மா என் ரூமுக்கு ஒரு நாளும் தட்டிட்டு வந்ததில்ல. டிரெஸ் மாத்திட்டு இருந்தாலும் சரி, அழுதுக்கிட்டு இருந்தாலும் சரி, மடார்னு கதவு தொறக்கும். இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

அம்மாவும் போய்ச் சேர்ந்தா. புருஷன் எப்பவோ தன் வழியைப் பார்த்துக்கிட்டுப் போயாச்சு. எனக்கு கஸ்டமர் கேர்ல வேலை. நாள் முழுக்க ஊரான் திட்டையெல்லாம் காதுல வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா, சாப்பிட்டியான்னு கேக்க ஒரு நாதி கிடையாது. போதும்டா சாமின்னு வீட்டை வித்துட்டேன். இன்னைக்கு சாயங்காலம் வாங்கினவர் சாவிக்கு வர்றதா ஏற்பாடு.

மத்தியானம் சாமான் கட்ட சித்தி வந்தா. நான் பழக்கதோஷத்துல ஸ்டோர் ரூம் கதவைத் தட்டினேன். சித்தி கையில இருந்த பாத்திரம் நழுவி விழுந்துச்சு.

"இன்னுமாடி தட்டுற?"

"ஏன், உனக்கென்ன?"

சித்தி துணிமூட்டை மேலயே உக்காந்துட்டா. "உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. உங்க அக்கா. இந்த ரூம்லதான் வெச்சிருந்தாங்க. கதவு திடுதிப்புன்னு தொறந்தா பயந்து வலிப்பு வந்துரும். அதான் உங்கம்மா தட்டிட்டு, அவ 'உள்ள வா'ன்னு சொன்ன பிறகுதான் போவா. ஒரு நாள் உங்கப்பா ஏதோ கோவத்துல கதவை உதைச்சுத் தொறந்தாரு. அத்தோட முடிஞ்சுது. காய்ச்சல்னு வெளிய சொன்னோம். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா."

அதுக்கப்புறம் சித்தி என் முகத்தையே பார்க்கல. ஆட்டோ பிடிச்சுப் போயிட்டா.

எனக்கு வயிறு எரிஞ்சுது. செத்தவளுக்கு அத்தனை மரியாதை, உயிரோட இருந்தவளுக்கு மடார் கதவா? தாழ்ப்பாளை நீக்கி, அப்பா மாதிரியே ஒரு உதை விட்டேன். உள்ள போய் நின்னேன். தூசிதான். வேற ஒண்ணுமில்ல.

பின்னாடி கதவு மெதுவா சாத்திக்கிச்சு. வெளியில தாழ்ப்பாள் விழுற சத்தம்.

இழுக்கப் போனேன். உள்பக்கம் பிடிக்கவே ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷத்துல அதை நான் கவனிச்சதே இல்ல. கத்தினேன். கத்தி யார் வரப்போறா? மெத்தையில உக்காந்து ஓன்னு அழுதேன். "அக்கா, உதைச்சது தப்புதான்"னு சொன்னேன். அவ இங்க தனியா எப்படி இருந்திருப்பான்னு அப்பதான் உறைச்சுது.

வெளிச்சம் மங்குற நேரத்துல வாசல்ல வீட்டை வாங்கினவர் குரல் கேட்டுச்சு. "அம்மா, சாவிக்கு வந்திருக்கேன்!"

நான் எழுந்திரிச்சேன். ஒரு சத்தம் கொடுத்தா போதும், உடைச்சாவது தொறந்துருவார்.

அப்போ கதவுல ரெண்டு தட்டு விழுந்துச்சு. மெதுவா, அம்மா தட்டுற மாதிரியே. அப்புறம் அமைதி. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ என் பதிலுக்காக நிக்கிறாங்க.

கதவை விட்டு ரெண்டு அடி பின்னால போனேன். ஆனா இந்த வீட்டுல எனக்காக யாரும் கதவைத் தட்டினதே இல்லையே. வாசல்ல மறுபடியும் "அம்மா!"ன்னு கூப்பிட்டார். நான் பதில் சொல்லல.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உள்ள வா அக்கா"ன்னேன்.